ஃப்ரீ என்ற சொல்லுக்கு ஒரு நோட்டு

பிளஸ் ஒன் படிக்கும்போது எனக்கு அகராதிப் பைத்தியம் பிடித்தது. தாம்பரம் மார்க்கெட் பக்கம் பழைய புத்தகக் கடையில் அட்டை போன ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்று கிடைத்தது. அதை வேதியியல் புத்தகத்துக்குள் செருகி வைத்துப் படிப்பேன். ஒரு சொல்லுக்குப் பதினைந்து அர்த்தம் போட்டிருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு வேண்டாம். கண்ணில் பட்டவர்களைப் பிடித்து நிறுத்தி ஒப்பிப்பேன். எல்லோரும் நழுவிவிடுவார்கள். நின்று கேட்டவன் ஒருவன்தான். என் வகுப்பில் படித்தவன், முடிச்சூர் ரோட்டில் எங்களுக்கு அடுத்த தெரு.

அவனுக்கு இங்கிலீஷ் வராது. கணக்கு தண்ணி பட்ட பாடு. அவன் அப்பா திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் ஃபிட்டர். மெஷின் நின்றுபோனால் அதன் வயிற்றுக்குள் கையை விட்டு ஓட வைக்கிற வேலை.

"இத்தினி வார்த்தையை வெச்சிகினு இன்னா மச்சான் பண்ணப் போற? ஒண்ணே ஒண்ணு எடு. நம்ம ஊர்ல எல்லாரும் பேசுற வார்த்தையா இருக்கணும்" என்றான் ஒருநாள். அப்போது சைக்கிள் கடையில் நின்றிருந்தோம். கடைக்காரர் அவன் சைக்கிளின் பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஃப்ரீ வீல் பூட்ச்சிப்பா" என்றார்.

"இதான்" என்றான் அவன். "இதை எடு."

அப்படித்தான் அந்த நோட்டு ஆரம்பித்தது. நூற்றியிருபது பக்க லாங் சைஸ் நோட்டு. அகராதியில் 'ஃப்ரீ'க்குப் போட்டிருந்த அர்த்தங்களை இடது பக்கம் வரிசையாக எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் நேரே, நம் பக்கத்து மனிதர்கள் யாராவது அந்த அர்த்தத்தில் பேசியதை எழுத வேண்டும். எங்கே, யார் சொன்னார்கள் என்பதோடு. சினிமாவில் கேட்டது, ரேடியோவில் கேட்டது செல்லாது. காதால் நேரில் கேட்டிருக்க வேண்டும். புதிதாக ஒன்று கொண்டுவந்தவனுக்கு மற்றவன் பன் வாங்கித் தர வேண்டும்.

பன் பெரும்பாலும் அவன்தான் தின்றான். எனக்குப் படிக்கத்தான் தெரிந்திருந்தது. அவனுக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. பல்லாவரம் போகிற பஸ்ஸில் கண்டக்டர், "உள்ள ஃப்ரீயா கீதுல்ல, போயேன்யா, படியில இன்னா குடும்பம் நடத்துற?" என்று கத்தினால் எனக்கு அது கத்தல். அவன் என் முதுகைத் தட்டி, "எழுது, எழுது" என்பான். காய்ச்சலுக்கு ஊசி போட்ட டாக்டர் "மோஷன் ஃப்ரீயா போகுதா?" என்று கேட்டதை, பக்கத்தில் அம்மா நிற்கிறாள் என்ற வெட்கம்கூட இல்லாமல் மனப்பாடம் செய்துகொண்டு வந்தான். டெய்லரிடம் "அக்குள்ல கொஞ்சம் ஃப்ரீயா வைங்க" என்ற பெரியவர். தலைக்குக் குளித்துவிட்டு ஃப்ரீ ஹேர் விட்டு வந்ததற்காக வகுப்பில் நிறுத்தி வைக்கப்பட்ட பெண். டீச்சர் வராத ஃப்ரீ பீரியட். பவுடர் டப்பாவோடு ரப்பர் பாண்டு போட்டுக் கட்டிய ஃப்ரீ சீப்பு. எஸ்.டி.டி. பூத்தில் "லைன் ஃப்ரீ ஆவட்டும் சார், குந்துங்க" என்றவர். சரிவில் இன்ஜினை அணைத்துவிட்டு, "ஃப்ரீ பண்ணிட்டேன், பெட்ரோல் மிச்சம்" என்று உருட்டிக்கொண்டு போன ஆட்டோக்காரர். எல்லாவற்றையும்விட அவன் வாயிலேயே ஒன்று இருந்தது. டெஸ்டில் மார்க் குறைந்தாலும், சைக்கிள் பஞ்சரானாலும், மழையில் நனைந்தாலும் ஒரே பதில்: "ஃப்ரீயா வுடு மச்சான்."

நோட்டு கிடுகிடுவென்று நிரம்பியது. முதல் வரி மட்டும் நிரம்பவில்லை. அகராதியில் முதல் அர்த்தமாகச் 'சுதந்திரமான, யாருக்கும் கட்டுப்படாத' என்று போட்டிருந்தது. அதற்கு நேரே ஒன்றும் கிடைக்கவில்லை.

"இந்த அர்த்தத்துல நம்ம ஊர்ல யாருமே பேசல பார்த்தியா?" என்றான் அவன். "ஒரு ஆள் கூடவா அப்படி இல்ல?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தான்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வருஷம் தாம்பரத்தில் எல்லோர் வாயிலும் ஒரே ஃப்ரீதான். ஃப்ரீ சீட்டா, பேமெண்ட் சீட்டா? இன்ஜினியரிங் காலேஜ்கள் ஜி.எஸ்.டி. ரோடு நெடுக முளைத்துக்கொண்டிருந்தன. காசு கட்டிச் சேர்கிற பேமெண்ட் சீட்டை அவன் வீட்டில் நினைத்துப் பார்க்கவே முடியாது. ஃப்ரீ சீட் கிடைத்தால் அவன் இன்ஜினியர்; கிடைக்காவிட்டால் அப்பா கூடத் திருமுடிவாக்கம். நடுவில் வேறு வழி இல்லை. இது அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்கும் தெரியும். தெரிந்தும் என்ன?

அவன் மார்க் கொஞ்சம் இழுபறிதான். ஆனாலும் கவுன்சலிங்குக்குக் கார்டு வந்தது. நான் பி.ஏ. இங்கிலீஷில் அதற்கு முன்பே சேர்ந்துவிட்டேன். எனக்கு அந்தக் கவுன்சலிங்கில் இழப்பதற்கு ஒன்றுமே கிடையாது. அதனால்தானோ என்னவோ, அந்த விதிமுறைப் புத்தகத்தை அவனைவிட அதிகம் படித்தவன் நான். எந்தக் காலேஜில் எந்தப் பிரிவு, எத்தனை இடம், போன வருஷம் கட்-ஆஃப் எதுவரை இறங்கியது என்று ஒப்பிப்பேன். அவன் அப்பா வாயைப் பிளந்து கேட்பார். "தம்பிக்கு எம்மாம் விஷயம் தெரிஞ்சிகீது பாரு" என்று மகனிடம் சொல்வார். எனக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

மூன்று பேரும் தாம்பரத்தில் காலை எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறினோம். அவன் அப்பா அன்றைக்கு லீவு போட்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நகக்கண்ணில் மட்டும் கிரீஸ். மடியில் எலுமிச்சை சாதம் வைத்த டிபன் கேரியர். கிண்டியில் இறங்கி நடந்தோம். கவுன்சலிங் ஹால் வாசலில் வாட்ச்மேன், பையனோடு ஒருத்தர்தான் உள்ளே போகலாம் என்றார்.

அவன் அப்பா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"நீ போ தம்பி. உள்ள இங்கிலீஷ்ல கேப்பாங்க. நான் முழிச்சிகினு நிப்பேன். எனக்கு இன்னா தெரியும்? நான் இப்டி மரத்தாண்ட குந்தியிருக்கேன்."

நான் போனேன். மார்பை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

உள்ளே பெரிய பலகை. ஒவ்வொரு காலேஜுக்கும் நேரே எத்தனை ஃப்ரீ சீட் மிச்சம் என்று சாக்பீஸால் எழுதி, ஒருவர் எடுக்க எடுக்க அழித்து அழித்து மாற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்தபோதே ஒவ்வொன்றாகப் பூஜ்யம் ஆகிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டர் போனது. எலெக்ட்ரானிக்ஸ் போனது. அவன் பெயரைக் கூப்பிட்டபோது அவனுடைய இட ஒதுக்கீட்டு வகைக்கு ஒன்றே ஒன்று மிச்சம்: திருநெல்வேலிப் பக்கம் ஒரு காலேஜில் சிவில்.

மேஜைக்குப் பின்னாலிருந்த அதிகாரி தமிழில்தான் கேட்டார். "சிவில் இருக்குப்பா. எடுத்துக்கிறியா?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "மச்சான், எடுத்துக்கட்டுமா?"

எனக்கு அப்போது கம்ப்யூட்டர் தவிர வேறெதுவும் படிப்பாகவே தெரியவில்லை. வருகிற நூற்றாண்டே கம்ப்யூட்டர் என்று பேப்பரில் படித்திருந்தேன். வெயிட்டிங் லிஸ்ட் விதி எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஃப்ரீ சீட் எடுத்தவர்களில் பாதிப் பேர் மெடிக்கல் கிடைத்து ஓடிவிடுவார்கள், அந்த இடங்கள் திரும்பி வரும், இரண்டாவது லிஸ்டில் கம்ப்யூட்டரே கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

"வேணாம்டா. சிவிலை வெச்சு என்ன பண்ணுவ? அதுவும் அவ்வளவு தூரத்துல? வெயிட்டிங்ல போடச் சொல்லு. கம்ப்யூட்டர் திரும்பி வரும்."

"நிச்சயமாவா?"

"நான் சொல்றேன்ல?"

அதிகாரி பேனாவைத் திறந்து வைத்திருந்தார். "நல்லா யோசிச்சிக்கோப்பா. பின்னாடி ஆள் நிக்குது" என்றார். அவன் இன்னும் ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தான். பிறகு 'விருப்பமில்லை' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான். நாங்கள் திரும்பி நடப்பதற்குள் அடுத்த பையன் அந்தச் சிவிலை வாங்கிக்கொண்டான். பலகையில் ஒன்றை அழித்துச் சாக்பீஸால் பூஜ்யம் போட்டதை நான் பார்த்தேன்.

வெளியே மரத்தடியில் அவன் அப்பா எழுந்து நின்றார். டிபன் கேரியரை இன்னும் திறக்கவில்லை. வேலை முடிந்ததும் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடலாம் என்றிருந்தார் போலிருக்கிறது.

நான்தான் முந்திக்கொண்டு விளக்கினேன். சிவில் வந்தது, விட்டுவிட்டோம், வெயிட்டிங்கில் இருக்கிறோம், கம்ப்யூட்டர் வரும். கோர்வையாகத்தான் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "சிவில்னா இன்னா தம்பி?"

"வீடு கட்டுறது, பாலம் கட்டுறது..."

"அது நல்ல வேலதானே?"

அவர் மகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். "சரி, துன்னலாம் வாங்க" என்றார். எலுமிச்சை சாதத்தை மூன்று பங்காகப் போட்டார். எனக்குப் பெரிய பங்கு.

திரும்பும் ட்ரெயினில் வாசலோரம் நின்றுகொண்டு வந்தோம். மீனம்பாக்கம் தாண்டியதும், "ஒருவேளை வரலேன்னா என்ன மச்சான் பண்றது?" என்றான். எனக்குள் முதல் தடவையாக ஏதோ சரிந்தது. என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். என் தோளைத் தட்டி, "ஃப்ரீயா வுடு மச்சான்" என்றான்.

இரண்டாவது லிஸ்ட் வந்தது. திரும்பி வந்த இடங்கள் சிலவே. அவனுக்கு மேலே இருந்தவர்களோடு முடிந்துவிட்டன. பேப்பரில் நான் நாலு தடவை தேடினேன். ஒரு வருஷம் காத்திருந்து மறுபடி எழுதலாமே என்று அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு. அவன் அப்பா திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டு, "குந்துங்க சார்" என்றார். அதுவரை தம்பி. அன்றிலிருந்து சார். "ஒரு வருஷம் எப்படி சார் சும்மா வெச்சிருக்கறது? கம்பெனில சொல்லிட்டேன். திங்கக்கெழமை வரச் சொல்லிகிறாங்க."

அந்தத் திங்கட்கிழமை, அப்பா முன்னால் மகன் பின்னால் இரண்டு சைக்கிளும் போவதை எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தேன். இறங்கிப் போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். போகவில்லை. அந்த மழைக்காலத்தில் பழைய பேப்பர்காரர் தெருவில் வந்தபோது, என் பிளஸ் டூ புத்தகங்களோடு அந்த நோட்டையும் தூக்கித் தராசில் வைத்தேன். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவ்வளவுதான் காரணம்.

இப்போது நான் குரோம்பேட்டையில் மாடி மேல் நடக்கும் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பாடம் எடுக்கிறேன். டிகிரிக்கு அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. வாசல் பலகையில் 'முதல் மூன்று வகுப்பு ஃப்ரீ' என்று எழுதியிருக்கிறது. நாலாவது வகுப்புக்குப் பாதிப் பேர் வருவதில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தின் மேல் என்னை யாரோ "மச்சான்!" என்று கூப்பிட்டார்கள். அவன்தான். இரண்டாவது ஷிப்டுக்குப் போகிற வழி. கடைசியாகப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும். இளைத்திருந்தான். அப்பாவின் நகக்கண் அவனுக்கும் வந்திருந்தது.

"உன்னைப் பார்க்கணும்னே கீறேன், நீ ஆப்ட மாட்டேங்குற" என்று சாப்பாட்டுப் பையைத் துழாவி, ரப்பர் பாண்டு போட்ட ஒரு கட்டை எடுத்தான். ரோஸ் நிற ஜாப் கார்டுகள். கம்பெனியில் ஒவ்வொரு வேலைக்கும் கூடவே வருகிற அட்டை. எல்லாவற்றின் முதுகிலும் பென்சிலில் எழுதியிருந்தான்.

"எல்லாம் உனுக்குத்தான். நம்ம ஃப்ரீ. கம்பெனில காதுல வுழுந்ததெல்லாம் எழுதி வெச்சேன். ஒரு ஆளைக்கூட வுடல."

புரட்டினேன். 'பிரஸ்ஸுல தகடு மாட்டிகினா: மேல தூக்கி ஃப்ரீ பண்ணு. சொன்னது ஆபரேட்டர்.' 'கை ஃப்ரீயாத்தானே இருக்கு, அந்த இரும்பு டையைத் தூக்கு. சூப்பர்வைசர்.' 'தினம் வெந்நீர்ல வெச்சிகினு வா, கொஞ்ச நாள்ல விரல் ஃப்ரீ ஆயிடும். டாக்டர், குரோம்பேட்டை.'

அந்த அட்டையில் நின்றுவிட்டேன். நிமிர்ந்து அவன் வலது கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் மடங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"முதல் வரி மட்டும் இன்னும் மாட்டல மச்சான்" என்றான் அவசரமாக. "அந்தச் சுதந்திரம். தேடிகினுதான் கீறேன். நீ இதெல்லாம் நோட்டுல ஏத்திடு. எத்தினி பக்கம் மிச்சம் கீது?"

கீழே பீச் ஸ்டேஷனிலிருந்து வண்டி வந்து நின்றது. ஜனம் படியேறி வந்து எங்கள் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போனது. பொய் சொல்ல நேரம் இருந்தது. ஏற்கெனவே ஒரு தடவை அவனிடம் நிச்சயமாகப் பேசியிருந்தேன். இன்னொரு தடவை வாய் வரவில்லை.

"நோட்டு இல்லடா. பழைய பேப்பருக்குப் போட்டுட்டேன்."

"எப்போ?"

"அந்த வருஷமே."

அவன் என் கையிலிருந்த கார்டுகளை வாங்கினான். ஓரங்களைத் தட்டி ஒழுங்காக்கி, ரப்பர் பாண்டை இரண்டு சுற்றுப் போட்டுப் பைக்குள் வைத்தான்.

"நீ அதையாவது வெச்சிருப்பன்னு நெனச்சேன்" என்றான். கோபமே இல்லை குரலில்.

வழக்கமாகச் சொல்வானே, அதைச் சொல்லுவான் என்று நின்றுகொண்டிருந்தேன். என்னால் வேறெதுவும் செய்ய முடியவில்லை, அந்த மூன்று வார்த்தைக்காக நின்றேன். அவன் வாட்சைப் பார்த்தான்.

"ஷிப்டுக்கு டைம் ஆச்சி. வர்றேன்."

மேற்குப் பக்கப் படிகளில் இறங்கிக் கூட்டத்தோடு போனான். மடங்காத விரல் பையின் வாருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது, மேலிருந்து பார்க்கத் தெரிந்தது.