மோட்டார் ரூமில் இரண்டாவது குரல்

என் முதல் பாட்டுக்கு வந்த முதல் கமெண்ட்டே எனக்குப் பிடிக்கவில்லை. "கூடப் பாடுவது யார்?" அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆளின் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திராட்சைக் குலை. ஓடைப்பட்டியில் பாதிப் பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். தெரிந்த பயல் எவனோ சீண்டிப் பார்க்கிறான் என்று நினைத்து, "உங்கப்பன்" என்று பதில் எழுதிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

சின்னமனூரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் பாட்டு. வீட்டில் பாட வழியில்லை. பக்கத்து வீட்டு மிக்சி, கோயில் ஸ்பீக்கர், தெருச் சண்டை. அதனால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு எங்கள் திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போய்விடுவேன். பகல் பன்னிரண்டு மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் நின்றுவிடும். மோட்டார் அடங்கிவிட்டால் அந்த இடத்தில் ஈ பறந்தாலும் கேட்கும். ஜன்னலில் உரச் சாக்கைத் திணித்து, கதவைச் சாத்தி, போனை ஸ்டார்ட்டர் பெட்டிமேல் சாய்த்து வைத்துவிட்டால் மூன்று மணி வரை நான்தான் ராணி. பழைய சினிமாப் பாட்டு இரண்டு, நானே கட்டிய பாட்டு ஒன்று என்று ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"உச்சிப் பொழுதுல வயசுப் புள்ள தோட்டத்துல தனியா ஒக்காரலாமாடி? காத்துக் கருப்பு அண்டிரும்" என்பாள் அத்தை. அப்பாவின் தங்கை, அடுத்த தெருவில் இருக்கிறாள்.

"அண்டுனா அதுவும் ரெண்டு பாட்டுக் கேட்டுட்டுப் போகட்டும் அத்தை" என்பேன். வாய்க்கு ஒரு குறைச்சலும் இல்லை எனக்கு.

மூன்றாவது பாட்டுக்கு நாலைந்து பேர் அதையே கேட்டார்கள். ஒருத்தி, "அந்த இரண்டாவது குரல் உங்களுடையதைவிட நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் ஹெட்போனை மாட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டேன்.

இருந்தது. கிட்டாருக்குப் பின்னால், ரொம்பத் தள்ளி, வாயை மூடிக்கொண்டு ஒரு பொம்பளை முனகுகிற மாதிரி. நான் பாடும்போது அமுங்கியது. நான் மூச்சு வாங்குகிற இடத்தில் மேலே வந்தது. சரணம் முடிந்து நான் சும்மா இருக்கிறேன், அது முடிக்கவில்லை. கண்ணாடி வாங்க வந்தவர் இரண்டு தடவை கூப்பிட்டாராம், என் காதில் விழவே இல்லை.

அடுத்த ஞாயிறு கிட்டாரைத் தொடவில்லை. போனை மட்டும் ஓடவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தேன். காதுக்கு ஒன்றும் தெரியவில்லை. பதிவைப் போட்டால் இருக்கிறது. ஏறுகிறது, இறங்குகிறது, யாரோ கை வேலையாக இருந்துகொண்டே பாடுகிற மாதிரி இருக்கிறது. கிட்டாரை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டேன். பயந்துவிட்டேன், அதைச் சொல்ல என்ன வெட்கம்.

நேராக அத்தை வீட்டுக்குப் போய்ப் போட்டுக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏ ஆத்தா… இது எங்க மதினில்ல! திராட்சக் கொடி கட்டயில இப்படித்தேன் மொணங்கிக்கிட்டே கட்டுவாக."

மதினி என்று அவள் சொன்னது என் அம்மாவை. எனக்கு இரண்டு வயதாகும்போது காய்ச்சலில் இறந்துபோனவள். "கோடாங்கியக் கூப்பிட்டுக் குறி கேக்கணும்டி" என்று அத்தை பதறினாள். எனக்கோ பயம் போய் வேறொன்று பிடித்துக்கொண்டது. அம்மாவின் போட்டோ இரண்டு இருக்கின்றன. குரல் எனக்குத் தெரியாது. அப்பா சவூதியில் வேலை பார்த்தபோது, அம்மா பேசிப் பாடி அனுப்பிய கேசட் ஒன்று இருந்தது என்று மட்டும் தெரியும். சின்ன வயதிலிருந்து வீட்டில் அதைத் தேடாத இடமில்லை. கேட்டால் அப்பா, "எங்கன போச்சோ" என்பார்.

அன்றைக்கு நான் விடவில்லை. அந்தப் பதிவை அவர் காதருகே வைத்துவிட்டு, "அம்மா கேசட்டு எங்கப்பா?" என்றேன்.

அவர் வண்டியை எடுத்தார். பின்னால் உட்கார்ந்தேன். மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே ஒரு முருகன் படம் மாட்டியிருக்கும். அதன் பின்னாலிருந்து ஒரு கேசட்டை எடுத்து என் கையில் வைத்தார். வாரா வாரம் நான் போனை வைத்த இடத்துக்கு ஒரு சாண் மேலேதான் அது இருந்திருக்கிறது. மேலே ஒட்டியிருந்த தாளில் பக்திப் பாடல்கள் என்று அச்சடித்திருந்தது. உள்ளே நாடா இல்லை. வெறும் கூடு.

"மூணு வருசத்துக்கு முந்தி மைனாத் தொல்ல தாங்கல, ஞாபகம் இருக்கா? பந்தலுக்கு மேல கேசட்டு நாடாவ இழுத்துக் கட்டுனா காத்துல அதிரும், பறவ அண்டாதுன்னு சொன்னாக. வீட்டுல கெடந்த சாமிப் பாட்டுக் கேசட்டு பதினொண்ண உருவிக் கட்டுனேன்."

"அதுல எப்படி அம்மா கேசட்டு வந்துச்சு?"

"புதுக் கேசட்டு கெடைக்காம, சாமிப் பாட்டு மேலயே பதிஞ்சு அனுப்பியிருந்தா. மறந்துட்டேன்த்தா. எல்லாம் கட்டி முடிச்சு, வெறுங் கூட்டப் பொறுக்கயிலதேன் பாத்தேன்."

கேசட்டைத் திருப்பிக் காட்டினார். கடையில் வாங்கும் பாட்டுக் கேசட்டின் முதுகில் இரண்டு பள்ளம் இருக்கும். அதைக் காகிதத்தால் அடைத்தால்தான் பழைய பாட்டை அழித்துப் புதிதாகப் பதிய முடியும். இதில் இரண்டு பள்ளத்திலும் காகிதம் இருந்தது. நான்காக மடித்து, பிசிறு இல்லாமல் அடைத்திருந்தாள் என் அம்மா.

"எங்கம்மா குரலக் குருவி வெரட்டவா கட்டுனீக?" என்று கத்தினேன். கேசட்டைச் சுவரில் வீசப் போனவள், கையை இறக்கிக்கொண்டேன்.

நாடா எல்லாத் தோட்டத்திலும் கட்டுவதுதான். அந்த அதிர்வு என் காதுக்குப் பழகிப் பழகி, கேட்பதே நின்றுபோயிருந்தது. வெளியே வந்து பந்தலுக்கு மேலே அன்றுதான் ஏறிட்டுப் பார்த்தேன். பதினொரு வரிசை, கல்தூணிலிருந்து கல்தூணுக்கு. வெயிலிலும் மழையிலும் கிடந்து எல்லாம் ஒன்றுபோல வெளுத்திருந்தன.

"எது அவளோடதுன்னு தெரியல. அதுனால ஒண்ணயும் அவுக்கல" என்றார் அப்பா. "மோட்டாரு நின்னதும் எனக்குக் கேக்கும். எனக்கு மட்டுந்தேன் கேக்குதோ, கிறுக்குப் பிடிச்சிருச்சோன்னு இருந்தேன். நீ பாட்டுப் போட்டதும் அதுலயும் கேட்டுச்சு. ஒங்கிட்ட நேர்ல கேக்கப் பயம். அதான் யாருன்னு எழுதிக் கேட்டேன்."

திராட்சைக் குலை!

"கூடப் பாடுனது எங்கப்பன்னு பதில் வந்துச்சு" என்றார். அழுதுகொண்டே சிரித்துத் தொலைத்தேன்.

காற்றில் அதிருகிற நாடா அதில் பதிந்ததைப் பாடாது. அது எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் இருவரும் அதை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்புறம் ஆடி பிறந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், நாடா எம்மாத்திரம்? ஒவ்வொன்றாக அறுந்தது. ஒன்று அறுந்ததும், அந்த ஞாயிறு நான் உள்ளே பதிவு செய்து ஹெட்போனில் கேட்பேன். அப்பா கதவுக்கு வெளியே நிற்பார்.

"இருக்கா?"

"இருக்குப்பா."

"அப்ப அறுந்தது அவ இல்ல" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போவார். பதினொன்று ஏழானது, மூன்றானது. ஒன்றே ஒன்று மிஞ்சியபோதும் குரல் இருந்தது. அப்படியானால் அதுதான் அம்மா. அவிழ்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன்.

"அவுத்தா பாட மாட்டா" என்றார்.

போன வாரம் வியாழக்கிழமை அதுவும் போய்விட்டது. பந்தல் முழுக்கத் தேடினோம், ஒரு முழம்கூடக் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மோட்டார் நின்றதும் நானே கட்டிய பாட்டைப் பாடிப் பதிந்தேன். ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். கிட்டார் இருந்தது. என் மூச்சு இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. மறுபடி கேட்டேன். நான் நிறுத்துகிற இடமெல்லாம் காலியாக இருந்தது.

"இருக்கா?"

கதவைத் திறந்து ஹெட்போனை அவரிடம் நீட்டினேன். சாக்கின்மேல் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் அவர் கால் கட்டைவிரல் மெல்லத் தாளம் போட ஆரம்பித்தது. பாட்டு முடிந்த பிறகும் அது நிற்கவில்லை.

"இருக்கே" என்றார்.

அந்தப் பாட்டை அன்றைக்கே ஏற்றிவிட்டேன். இன்றோடு மூன்று நாள் ஆகிறது. கமெண்ட் வந்திருப்பதாகப் போன் காட்டிக்கொண்டே இருக்கிறது. நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை.