சந்தியில் வைத்த சோறு

எங்கள் ஊரில் பெட்டை நாயை விரும்பி வளர்ப்பவர்கள் குறைவு. கடுவன் குட்டி என்றால் கண் திறக்க முன்பே ஆட்கள் சொல்லி வைத்துவிடுவார்கள். பெட்டைக் குட்டிகளை உரப்பையில் போட்டுக் கட்டி, விடியப்புறத்தில் ஏதாவது சந்தையடியிலோ கோயிலடியிலோ இறக்கிவிட்டு வருவார்கள். அதற்குக் ‘கொண்டுபோய் விடுறது’ என்று பெயர். கொல்லக் கூடாதாம், பாவமாம். கொல்லும் வேலையை லொறிக்கும் பசிக்கும் கொடுத்துவிட்டு, வந்து கால் கழுவித் திருநீறு பூசிக்கொள்ளும் சனம் நாங்கள்.

அப்படிக் கொண்டுபோய் விடப்பட்ட ஒருத்திதான் எனக்குக் கிடைத்தாள். நெல்லியடியில் பெரியபிள்ளையான ஒரு பிள்ளையின் சாமத்திய வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றபோது, சந்தையின் பின்மதிலோரம் ஒரு மீன்பெட்டிக்குள் கிடந்தாள். கறுப்பு உடம்பு, மண்ணிற நெஞ்சு, ஒரு காது மட்டும் நிமிர்ந்திருந்தது. பட்டுச் சேலையோடு குனிந்து தூக்கிப் பைக்குள் வைத்தேன். எங்கள் கொக்குவில் வரும்வரை பை அனுங்கிக்கொண்டே வந்தது. கொண்டக்டர் என்னையும் பையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவளுக்கு ஒரு பெயர் வைத்தேன். அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

வீட்டில் அப்போது அப்பாவும் நானும்தான். அம்மா முன்பே போய்விட்டா. கலியாணம் கட்டாமல் வீட்டோடு நின்றுவிட்ட மகள் நான். காலையில் கந்தோருக்கு வேலைக்குப் போனால் பின்னேரம் வருவேன். அப்பா பையைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“பெட்டையோ? உனக்கென்ன விசரோ பிள்ளை? நாளைக்கே கொண்டுபோய் விட்டிட்டு வா.”

“அப்ப என்னையும் சேத்துக் கொண்டுபோய் விடுங்கோ” என்றேன். அப்பா அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

கதைக்கவில்லையே தவிர, கடிபட்டது அவருடைய செருப்புகள்தான். கொடியில் காய்ந்த வேட்டியின் கரையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வளவைச் சுற்றி ஓடுவாள். நான் நட்ட குரோட்டன்களை ஒன்றொன்றாகக் கிண்டி எடுத்து, வேரோடு கொண்டுவந்து என் காலடியில் போட்டுவிட்டு வாலை ஆட்டுவாள். அடிக்கக் கை ஓங்கினால் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுவாள். இப்படி ஒரு கள்ளியை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை.

அவளைப் பழக்கவேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றதற்குக் காரணம் இருந்தது. அவளுக்கு முன்பு எங்கள் வளவில் நின்ற கடுவன், மதிலுக்கு மேலால் யாரோ எறிந்த இறைச்சித் துண்டைத் தின்று கிணற்றடியில் நுரை தள்ளிச் செத்தது. எறிந்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அந்தக் கிழமை அயலில் சிலபேர் எங்கள் முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை என்பது மட்டும் தெரியும். இவளும் அப்படிப் போய்விடக் கூடாது என்று நினைத்தேன். எனவே இரண்டு பாடங்களை அவளுக்குப் படிப்பித்தேன்.

முதலாவது, பிறர் கையால் தின்னக் கூடாது. அயலிலுள்ளவர்களைக் கெஞ்சிக் கூப்பிட்டு, வேப்பெண்ணெய் தடவிய பாண் துண்டுகளை அவர்கள் கையாலேயே அவளுக்குக் கொடுக்க வைத்தேன். மற்றவர்கள் தந்தால் கைக்கும். நானோ அப்பாவோ வைத்தால் மீன்சோறு. பாவம், சில நாட்கள் அவள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு என்னையே பார்ப்பாள். ஆனால் பிடித்துக்கொண்டாள். பிறகு யார் எதை நீட்டினாலும் முகர்ந்து பார்த்துவிட்டு, நீட்டியவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு விலகிப் போய்விடுவாள்.

இரண்டாவது, ‘இரு’. உள்ளங்கையைக் காட்டி ‘இரு’ என்றால் இருந்த இடத்தில் இருக்கவேண்டும். பின்வளவுக்கு அப்பால் ரயில் பாதை. கேற்றுக்கு வெளியே வாகனங்கள். இதுதான் எனக்குப் பெரிய பாடாய்ப் போயிற்று. இருப்பாள், நான் திரும்பி நாலடி நடந்தால், குண்டியை நிலத்திலிருந்து எடுக்காமலே அரக்கி அரக்கி என் பின்னால் வந்துவிடுவாள். எழும்பவில்லைத்தானே, பிறகு என்ன குற்றம் என்பதுபோல ஒரு முகம். எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வரும். மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒருநாள், காலையில் கேற்றடியில் ‘இரு’ என்று சொல்லிவிட்டுக் கந்தோருக்குப் போன நான் பின்னேரம் வந்து பார்த்தால், அதே இடத்தில், அதே ஒற்றைக் காதை நிமிர்த்திக்கொண்டு இருந்தாள்.

“உண்ணாணை, அசையேல்லை. தண்ணி காட்டினன், அதுக்கும் எழும்பேல்லை” என்றார் அப்பா. பிறகு மெல்ல, “பெட்டையெண்டாலும் கெட்டிக்காரிதான்” என்றார். அப்பா யாரையும் மெச்சி நான் கேட்டதில்லை. அன்றைக்கு எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

அதன்பிறகு அவர்கள் இருவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள். விளைமீன் குழம்பு என்றால் அப்பாவுக்கு உயிர். மீன்தலை எப்போதும் அவருக்குத்தான். அதைப் பாதி சூப்பிவிட்டு மிச்சத்தைச் சோற்றில் குழைத்து, நான் காணவில்லை என்ற நினைப்பில் குசினி வாசலில் வைப்பார். அவளும் நான் காணவில்லை என்ற நினைப்பில் தின்பாள்.

அப்பா ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை.

அண்ணன் கனடாவிலிருந்து வந்து சேரும்வரை அப்பாவைக் காக்க வைத்தோம். அண்ணன் அங்கே போய் இருபது வருடங்களுக்கு மேல். வந்து கொள்ளி வைத்தார். வீட்டின் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். அங்கே மாட்டிறைச்சிவரை தின்பவர், இங்கே வந்த அன்றே சாத்திரம் சம்பிரதாயத்தில் ஐயரையும் விஞ்சிவிட்டார். செத்தவீட்டுக்கு வருகிறவர்கள் பயப்படுவார்கள் என்று அவளைக் கிணற்றடி மாமரத்தில் சங்கிலியால் கட்டச் சொன்னார். கட்டினேன். அண்ணனும் இடைக்கிடை அவளிடம் போய்க் கையைக் காட்டி “இரு” என்று சொல்லிப் பார்ப்பார். அவள் இருப்பாள். “பாத்தியே, எனக்கும் சொல்லுக் கேக்குது” என்று சிரிப்பார். தன் கைத்தொலைபேசியில் அங்கே தான் வளர்க்கும் நாயின் படங்களைக் காட்டினார். அதற்குக் குளிருக்குச் சட்டை இருந்தது. சப்பாத்தும் இருந்தது. அது அண்ணனின் கட்டிலில்தான் படுக்குமாம்.

எட்டாம் நாள் எட்டுச்செலவு. எங்கள் பக்கத்தில் அன்றைக்கு மீனும் இறைச்சியும் சமைத்து, போனவருக்கு விருப்பமானதெல்லாம் படைப்போம். பொழுதுபட்டு மம்மலாகும் நேரத்தில் எல்லாவற்றிலும் கொஞ்சம் இலையில் எடுத்துக்கொண்டு போய்ச் சந்தியில் வைக்கவேண்டும். போன உயிர் அதை வாங்கிக்கொண்டு தன் வழியே போகும். வைத்துவிட்டு வருகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. விளைமீன் குழம்பை நான்தான் வைத்தேன். தலையை உடையாமல் எடுத்து, இலையின் நடுவில் சோற்றுக்கு மேல் வைத்துக் கொடுத்ததும் நான்தான்.

அண்ணன் இலையை இரு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். அந்த நேரத்தில் சனம் இல்லாததால் அவளை அவிழ்த்து விட்டிருந்தேன். செத்தவீட்டுக் கேற்றை யார் சாத்துவார்கள்? அவள் குழம்பு மணத்துக்குப் பின்னால், சத்தம் இல்லாமல், அண்ணனின் முதுகைப் பார்த்துக்கொண்டு சந்திவரை போயிருக்கிறாள். அண்ணன் முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. சோற்றை வைத்தார், விறைத்த கழுத்தோடு வீட்டுக்கு வந்தார். சந்திக்குப் பக்கத்து வீட்டிலிருக்கும் எங்கள் சின்னம்மாதான் தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்தா.

“ஐயோ பிள்ளையள், படையலை உங்கடை நாயெல்லோ திண்டுபோட்டுது!”

சின்னம்மா சொல்லி முடிக்க முன்பே அவள் வாயை நக்கிக்கொண்டு வந்து, குசினி வாசலில் தன் இடத்தில் படுத்துவிட்டாள்.

“பாத்தியளே, வீட்டுக்குள்ளை வந்திட்டுது. கழிச்சுவிட்டது திரும்பி வீட்டுக்கே வந்திட்டுது. இனி அந்த மனிசன் எப்பிடிப் போவார்?” என்று சின்னம்மா நெஞ்சிலடித்தா.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. “சின்னம்மா, சந்தியிலை வைக்கிற சோத்தை வேறை ஆர் தின்னுறது? தெருநாயள்தானே. அப்பா இருக்கேக்கையும் மீன்தலையை இவளுக்குத்தானே குடுத்தவர்” என்றேன்.

“நீ சும்மா இரு. உனக்கு உதுகள் விளங்காது” என்றார் அண்ணன். அவர் முகம் கறுத்திருந்தது. கனடாவில் கட்டிலில் நாயோடு படுப்பவருக்கு, இங்கே தெருநாய் தின்றால் அது அப்பா ஏற்றுக்கொண்ட மாதிரி. வீட்டு நாய் தின்றால் தரித்திரம். யார் நீட்டினாலும் தொடாதவள் அதைத் தின்றாள் என்றால், அது என் கைச்சமையல் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இதை நான் யாருக்குச் சொல்வது?

அன்றிரவே அண்ணன் அவளைத் திரும்பவும் கட்டச் சொன்னார். இரண்டு நாள் கழித்துக் காலையில் எழும்பிப் போய்ப் பார்த்தேன். மாமரத்தடியில் சங்கிலி மட்டும் கிடந்தது.

“நான்தான் அவிட்டு விட்டனான். கேற் திறந்து கிடந்திருக்கு, ஓடியிட்டுது போலை” என்றார் அண்ணன். “பெட்டைதானே, ஏதும் கடுவனுக்குப் பின்னாலை போயிருக்கும்.”

அவளுக்குக் குட்டி போடாமல் ஒப்பரேசன் செய்து எத்தனையோ காலம். அதை அண்ணனுக்குச் சொல்லிப் பயனில்லை என்று பட்டது. ரயில் பாதையோரம் நடந்தேன். தண்டவாளத்தில் கறுப்பாக எதைக் கண்டாலும் ஓடிப் போவேன்; கிட்டப் போனால் பழைய துணியாகவோ எண்ணெய்க் கறையாகவோ இருக்கும். ஒழுங்கை ஒழுங்கையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். தகப்பன் செத்த துடக்குக் கழிய முன்பே நாயைத் தேடித் திரிகிறாள் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று திரிந்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக் கடற்கரையில் எல்லோரும் அப்பாவுக்காக அழுதபோது, நான் பாதி அவளுக்காக அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

எல்லாம் முடிந்து அண்ணன் போனார். அவரைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்த வான்காரத் தம்பி, மறுநாள் எங்கள் கேற்றடியில் வந்து நின்றான். எங்கள் ஒழுங்கைப் பொடியன்தான். உள்ளே வா என்றேன், வரவில்லை.

“அக்கா, நீங்கள் இன்னும் நாயைத் தேடுறியளாம் எண்டு கடையிலை கதைச்சினம். நான்தான் ஏத்திக்கொண்டு போனனான். உங்களுக்குத் தெரியும் எண்டு அண்ணை சொன்னவர்.”

“எங்கை?”

“அச்சுவேலிச் சந்தையடியிலை. இறக்கினவுடனை அது திரும்ப வானுக்குள்ளை ஏறப் பாத்தது. அண்ணை கையைக் காட்டி ‘இரு’ எண்டார். அது இருந்திட்டுது. நான் கண்ணாடியிலை பாத்தனான் அக்கா, அது அசையேல்லை. அண்ணை திரும்பிப் பாக்கேல்லை. எனக்கும் பாக்காதை எண்டு சொன்னவர்.”

நான் கந்தோருக்குப் போகவில்லை. அச்சுவேலிச் சந்தையில் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனேன். வான்கள் நிற்கும் பக்கத்தில் கீரை விற்கும் ஒரு அம்மா, நான் சொல்லி முடிக்க முன்பே கையிலிருந்த கீரைப்பிடியைக் கீழே வைத்தா.

“ஒரு காது மடிஞ்ச கறுப்புப் பெட்டையோ? ஓம் பிள்ளை, உந்த இடத்திலைதான் இருந்தது. வெய்யிலுக்கும் எழும்பேல்லை, மழைக்கும் எழும்பேல்லை. ஒவ்வொரு வானையும் பாக்கும். பாணும் பணிசும் எத்தினை பேர் வைச்சினம். நான் வீட்டிலை இருந்து மீனும் சோறும் கொண்டுவந்து வைச்சன். முகர்ந்துபோட்டு என்ரை முகத்தைப் பாத்துது. வாய் வைக்கேல்லை. எலும்பும் தோலுமாப் போச்சுது. ஒருநாள் விடிய வந்து பாத்தன், அப்பிடியே சரிஞ்சு கிடந்தது. பின்பக்கத்திலை கிடங்கு வெட்டித் தாட்டிருக்கு.”

அவ விரித்திருந்த சாக்கிலேயே இருந்துவிட்டேன். அவ எனக்குத் தண்ணீர் தந்தா. என்னைத் தேற்ற நினைத்துத்தான் அதையும் சொன்னா.

“நல்லா வளத்திருக்கிறியள் பிள்ளை. இப்பிடிச் சொல்லுக் கேக்கிற நாயை நான் கண்டதில்லை.”

அன்றிரவே அண்ணன் கனடாவிலிருந்து கதைத்தார். சுகமாய்ப் போய்ச் சேர்ந்தாராம். அவருடைய நாய் அவரைக் கண்டு துள்ளின துள்ளலில் மேசைமேல் இருந்த பூச்சாடி உடைந்ததாம். நான் அச்சுவேலிக்குப் போய்வந்ததைச் சொன்னேன்.  “சந்தையடியிலை சாப்பாட்டுக்குக் குறையே? தின்னாமல் கிடந்து செத்தால் நான் என்ன செய்யிறது? வேணுமெண்டால் நல்ல சாதிக் கடுவனாப் பாத்து ஒண்டு எடு” என்றார்.

ஒரு வருடம் கழிய, அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்கு வருவாராம். வரட்டும். அவரும் அப்பாவின் மகன்தானே, வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அறையைக் கூட்டி வைப்பேன், விரிப்பை மாற்றுவேன், அவருக்குப் பிடித்த கறிகளைச் சமைப்பேன். சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டு அவருக்கு முன்னால் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் குசினிக்குள் போவேன்.