காலிப் பெட்டியும் காபித்தூளும்

ஸ்டோரை விட்டு ஒரு பொருளும் வெளியே போகக் கூடாது என்பதுதான் ஸ்டோர் கீப்பரின் ஒரே கவலை; உங்களில் சாவிக்கொத்தோடு திரிந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1991-ல் பென்னலூர் பக்கம் தகடு வெட்டும் கம்பெனி ஒன்றில் எனக்கு அந்த உத்தியோகம்.

பூட்டிய பெட்டி

பஞ்சு திருடு போகிறது என்று எங்கள் முதலுதவிப் பெட்டிக்குப் பூட்டு போட்டிருந்தோம். சாவி மேனேஜர் பையில். அவர் ஊருக்குப் போன அன்றைக்குப் பார்த்து ஆபரேட்டர் ஏகாம்பரத்தின் விரல் மெஷினில் மாட்டியது. கேன்டீன் மாஸ்டர் மாணிக்கம் ஓடிவந்து காபித்தூளை அப்பினார். காயம் சீழ் பிடித்து, விரலை எடுத்துவிடுவார்களோ என்று ஏகாம்பரம் நடுங்கிப் போனார். விரல் தப்பியது, மடக்கத்தான் வரவில்லை. திரும்பி வந்த மேனேஜர் என்னிடம் சொன்னார்: "புதுசா எல்லாம் வாங்கிப் போடுங்க. இனிமே யாருக்கு அடிபட்டாலும் நீங்கதான் பொறுப்பு." எனக்கோ ரத்தத்தைக் கண்டாலே கால் உதறும்.

தலைவலிக்கு மட்டும்

வாங்குவதற்கு முன் காஞ்சிபுரத்தில் முதலுதவிப் பயிற்சிக்குப் போனேன். பாடம் நடத்திய நர்சம்மாவிடம், தைலம், தலைவலி மாத்திரை, டிங்சர் எல்லாம் வாங்கப் போவதாகப் பெருமையாகச் சொன்னேன். ரத்தம் கொட்டினால் என்ன செய்வீர்கள் என்றார். டிங்சர் இருக்கிறதே என்றேன்.

"முதல்ல கத்துக்குங்க சார், அப்புறம் வாங்குங்க. இப்ப வாங்கினா உங்க தலைவலிக்குத்தான் ஆகும்."

பஸ்ஸில் மரியாதை

அடிபட்ட கையை மடக்கிக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக் கட்டும் பயிற்சிக்கு நான்தான் நோயாளி. முடிச்சு அவிழவில்லை, வாலாஜாபாத் பஸ்ஸோ கிளம்பிக்கொண்டிருந்தது. அப்படியே ஏறினேன். பூக்கூடைக்கார அம்மா எழுந்து இடம் கொடுத்து, எந்த மெஷினில் அடிபட்டது என்று விசாரித்தார். பயிற்சியில் கட்டியது என்றேன்.

"பயிற்சிக்கே கை பூட்ச்சின்னா, வேலைக்கி சேந்தா இன்னா கண்ணு ஆவ?"

கையெழுத்து இல்லாத துண்டு

பயிற்சி முடிந்ததும் பெட்டியிலிருந்த பழைய சரக்கை எல்லாம் கொட்டிவிட்டேன். புதுச் சரக்கு வாங்குவதற்குள் தகடு சரிந்து அதே ஏகாம்பரத்தின் மற்றொரு முன்கையைக் கிழித்துவிட்டது. மாணிக்கம் காபித்தூள் டப்பாவோடு வந்துகொண்டிருந்தார். ஏகாம்பரம் வலியை மறந்து அலறினார்: "சார், அந்தாள நிறுத்து சார்! இந்தக் கையாவது மிஞ்சட்டும்!"

மாணிக்கத்தை விரட்டிவிட்டு, ஸ்டோரில் இருந்த புதுத் துண்டு ஒன்றைப் பிரித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்தினேன். கையெழுத்து வாங்காமல் நான் வெளியே விட்ட முதல் பொருள் அதுதான். கையை உயர்த்திப் பிடித்து, ரத்தம் நின்றதா என்று திறந்து பார்க்காமல், ஆஸ்பத்திரி வரை வேனில் அழுத்திக்கொண்டே போனேன். கால் உதறத்தான் செய்தது. கை உதறவில்லை.

நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொல்லித் தையல் போட்டார். ஏகாம்பரம் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்டி காலியாக இருந்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"காலியா இருந்தது நல்லதாப் பூட்ச்சி சார். ரொப்பி வெச்சிருந்தா பூட்டிக்கினு இல்ல இருப்பீங்க!"

மறுநாளே பெட்டியை நிரப்பினேன். அதன் பூட்டை மட்டும் கழற்றி ஸ்டோருக்குள் வைத்தேன், அங்கே வேலை பார்த்த வரைக்கும் அதை ஒருவருக்கும் கொடுக்கவில்லை.