ஒரு ஸலாமுக்கு வந்த பதில்

அந்த மனிதர் இப்போது உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது.

குடியை விட நினைத்தபோது எனக்கிருந்த பயமெல்லாம், எங்கள் ஊர் கல்முனைக்குடியில் யாருக்காவது தெரிந்துவிடுமோ என்பதுதான். அதனால், குடியை நிறுத்த முயல்கிறவர்கள் சனிக்கிழமைதோறும் கூடும், பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பின் மண்டபத்தைத் தேடிப் போனேன். நம்மவர் யாரும் அங்கே வரமாட்டார்கள் என்று நம்பினேன். தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தேன். சொல்லப்போகும் பொய்ப்பெயரை வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன்.

நான் வாசலை அடைந்தபோது, வட்டமாக இருந்தவர்களில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து, "என்ட பேர் ரவி. நாலு கிழமையாக் குடிக்கல்ல" என்றார்.

ஆட்களைக் கண்டதும் பழக்கதோஷத்தில், "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன்.

"வஅலைக்குமுஸ்ஸலாம்" என்று சட்டென்று பதில் சொன்னார் ரவி.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் முகம் இருண்டது. செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே இறங்கிவிட்டார்.

பின்னால் ஓடினேன். நம்மவர் அண்ணனை அழைக்கிற சொல்லே வாயில் வந்தது. "காக்கா, நில்லுங்க! நானும் இதுக்குத்தான் வந்த. ஆருக்கிட்டயும் சொல்லமாட்டன்."

அவர் திரும்பவில்லை. "மகளுக்குக் கலியாணம் பேசி இரிக்கி தம்பி. நீங்க என்னக் காணல்ல."

ஒழுங்கை முடிவில் இடப்பக்கம் பஸ் நிறுத்தம், வலப்பக்கம் சாராயம் விற்கும் தவறணை. அவர் வலப்பக்கம் திரும்பினார். இன்னும் பத்தடி எடுத்து வைத்திருந்தால் கையைப் பிடித்திருக்கலாம். தவறணை வாசலில் என்னை யாராவது கண்டுவிடுவார்களோ என்று நின்றுவிட்டேன்.

நான் குடியை விட்டு ஒரு வருடம் தாண்டிவிட்டது. இப்போது மண்டபத்துக்குத் தொப்பியோடுதான் போகிறேன். வாசலில் நின்று சத்தமாக ஸலாம் சொல்கிறேன்.

அவருடைய செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கிறது.