கடலடிச் சேறும் என் விரலும்

தொண்ணூறுகளின் நடுவில் கொல்லயில் என்ற எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் திருவனந்தபுரம் போய், ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்துவந்தேன். ஆழ்கடலின் அடியிலிருந்து கப்பலில் அள்ளிவந்த சேற்றில் இருக்கும் நுண்ணுயிர்களை வளர்த்து, அவற்றிலிருந்து மருந்து கிடைக்குமா என்று பார்ப்பதுதான் வேலை. வெயிலே படாத கடுங்குளிரில் வாழ்பவை அவை. அதில் ஒன்று, புண்ணைச் சீழ்பிடிக்க வைக்கும் கிருமியைச் சோதனைத் தட்டிலேயே கொன்றது. எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த உயிர் வளர்ந்திருந்த கண்ணாடிக் குழாய் என் கையில் உடைந்தது. விரலில் ரத்தம். ஸ்பிரிட் ஊற்றிக் கட்டினேன். கவனமில்லாதவள் என்று பெயர் வருமே என்று யாரிடமும் சொல்லவில்லை. வீடு திரும்பும் பஸ் நெய்யாற்றின்கரையைத் தாண்டும்போதுதான் அது உறைத்தது. பெயர்கூட வைக்காத ஓர் உயிர், மனித உடம்பில் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்?

வீட்டில் என் எட்டு மாதக் குழந்தை என்னைக் கண்டதும் கை நீட்டியது. நான் பின்னால் நகர்ந்தேன்.

“என்ன மக்கா, பிள்ள அழுவுது, எடுக்காம நிக்குத?” என்றாள் அம்மா.

“கையில கண்ணாடி கீறின முறிவு உண்டும்மா. நீங்களே வச்சிருங்க.”

பாலும் கொடுக்கவில்லை. மறுநாள் விரல் வீங்கி, காய்ச்சல் வந்தது. அம்மா ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

“எது குத்தியது?” என்று கேட்டார் டாக்டர்.

“கண்ணாடி. அதுல கடலுக்கடியில உள்ள கிருமி. உயிரோட உள்ளதாக்கும்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று புரிந்தது. விரலைக் கீறி, சீழைப் பரிசோதனைக்கு அனுப்பி, மாத்திரை கொடுத்தார்.

திங்கட்கிழமை என் பேராசிரியரிடம் அழுதபடி சொன்னேன். அவர் திட்டவில்லை. அதே உயிரை இரண்டு தட்டுகளில் தடவி, ஒன்றைக் குளிரிலும் மற்றதை உடம்புச் சூட்டிலும் வைத்தார். “பேடிக்கண்டா” என்றார். பயப்பட வேண்டாம் என்று சொன்னவரின் குரலே சரியாக இல்லை.

புதன்கிழமை பார்த்தோம். குளிரில் வைத்தது வளர்ந்திருந்தது. சூட்டில் வைத்த தட்டு வெறுமையாக இருந்தது. மனித உடம்பின் சூட்டில் அந்த உயிர் பிழைக்காது. ஆஸ்பத்திரி முடிவின்படி, சீழில் இருந்தது நம் எல்லோர் தோலிலும் இருக்கும் சாதாரணக் கிருமிதான். அன்று மாலை செருப்பைக்கூடக் கழற்றாமல் குழந்தையை வாரி எடுத்தேன்.

சில மாதங்கள் கழித்து, அந்த உயிர் சுரக்கும் பொருள் ரத்த அணுக்களையும் உடைப்பது தெரிந்தது. மருந்தாகாது என்று முடிவானது. தட்டுகளை நீராவியில் வேகவைத்து அழிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.