பிரான்ஸ் ஆய்வுகூடத்தில் எங்கள் தமிழ்

எங்கள் மகள் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்தவள். பிளாக்ஹவுஸ் பே வீட்டில் நானும் கணவரும் யாழ்ப்பாணத் தமிழில் கேட்போம். அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எல்லாம் விளங்கும், வாயில்தான் வராது. அதற்காக வருத்தப்படுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

மின்னணுப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவள், ஒரு வருடம் பிரான்ஸின் தெற்கே போய்ப் படிக்க விரும்பினாள். பைன் மரக் காட்டுக்கு நடுவே தொழில்நுட்ப நிறுவனங்களுக்கென்றே எழுப்பிய ஓர் ஊர். அங்கே அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பொறியியல் கல்லூரி.

"உன்ர பிரெஞ்சை வைச்சுக்கொண்டு அங்கை என்ன செய்யப் போறாய்?" என்றார் கணவர்.

பள்ளிக்கூடத்தில் படித்தது போதும் என்றாள். போதவில்லை. முதல் வாரமே வீடியோவில் அழுதாள். விரிவுரையாளர் சொல்வது பிடிபடவில்லை, வகுப்பு சிரிக்கும்போது ஏனென்று தெரியவில்லை. "திரும்பி வா" என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிறு அழைத்தாள். "அம்மா, சாப்பிட்டிட்டீங்களா?"

தமிழ்! நான் போனைத் தள்ளிப் பிடித்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். ஆய்வுகூடத்தில் அவளோடு சேர்த்து விட்டிருந்த பெண்ணுக்கு ஆங்கிலம் வராது. இருவரும் கையால் சைகை காட்டி வேலை செய்திருக்கிறார்கள். ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் விரலில் பட்டதும் அந்தப் பெண் "ஐயோ அம்மா!" என்று கத்தியிருக்கிறாள்.

"நான் உடனே, 'நீ தமிழோ?' எண்டு கேட்டன், அம்மா!"

பாரிஸில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அன்றிலிருந்து இரண்டு பேரும் மின்சுற்றுகளைப் பற்றித் தமிழில் கதைத்தார்கள். கலைச்சொல் ஒன்றும் தெரியாது. கப்பாசிட்டருக்கு அவர்கள் கொடுத்த விளக்கம், "கரண்டைப் பிடிச்சு வைச்சிருந்து பிறகு விடுற சாமான்." கணவர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கண் கலங்கியது.

ஆண்டு முடிவில், காட்டுத் தீயின் புகையை உணரும் சிறு கருவி ஒன்றை இருவரும் செய்து காட்டினார்கள். அங்கே காலை, இங்கே இரவுச் சாப்பாட்டு நேரம். தோழி பிடித்த போன் வழியாக நாங்கள் பார்த்தோம். மகள் பிரெஞ்சில் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள். ஒரு பேராசிரியர் படபடவென்று ஏதோ கேட்டார். அவள் திகைத்து, தோழியிடம் திரும்பினாள்.

"என்ன கேக்கிறார்?"

"மழை பெய்தா வேலை செய்யுமோ எண்டு."

"ஓம், செய்யும்," என்று தோழிக்குச் சொல்லிவிட்டு, பேராசிரியரைப் பார்த்துப் பிரெஞ்சில் தடங்கலின்றி விளக்கினாள். கணவர் கதிரையை விட்டு எழுந்து நின்றுவிட்டார். இது என்ன மொழி என்று பேராசிரியர் விசாரித்தபோது, இரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். அவ்வளவு பிரெஞ்சிலும் அது மட்டும்தான் எனக்கு விளங்கியது.

அங்கேயே பொறியியல் பட்டத்தை முடிக்கும்படி கல்லூரி அவளைக் கேட்டுக்கொண்டது. கணவர் வேலையிடத்தில் இதைச் சொல்லாத ஆள் இல்லை.

அந்த வாரம் பாரிஸிலிருந்து தோழியின் தாய் அழைத்தார்.

"அக்கா, உங்கட பிள்ளையாலைதான் என்ர பிள்ளை இப்ப வீட்டிலை தமிழ் கதைக்கிறாள்."

நான் அவருக்குச் சொல்ல நினைத்திருந்ததும் அதேதான்.