அரச மரத்தடியில் விட்ட அம்மன் படம்

பவித்ரா, தினேஷ், அப்பா எழுதுகிறேன். அம்மன் எனக்குச் செய்ததையும், அன்று நான் செய்ததையும் நீங்கள் என் வாயாலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

பவித்ரா, அப்போது உனக்கு நாலு வயது. பெரும்பாக்கம் வீட்டில் நம் அம்மன் படத்தின் கண்ணாடி உடைந்தது. உடைந்த சாமி படம் வீட்டில் இருக்கக் கூடாதென்று, எல்லாரும் செய்வதுபோல அரச மரத்தடியில் விடக் கிளம்பினேன். குரோம்பேட்டையில் வாங்கிய, லைட் எரிகிற புதுப் படம் சுவரில் ஏறியிருந்தது. "சாமி எங்க போவுது?" என்று அழுதுகொண்டே நீ பின்னால் வந்தாய்.

கீழ்வீட்டுப் பெரியவர் மறித்தார். சாமி படம் வரைகிறவர். உடைந்த அந்தப் படமும் அவர் வரைந்ததுதான்.

"கண்ணாடிதானேப்பா ஒடஞ்சிது? அம்மா நல்லாத்தான கீறா? குடு, வேற போட்டுத் தரேன்."

"உன் படம் எவனுக்கு வோணும், பெருசு? நீயே வெச்சுக் கும்புட்டுக்க" என்றேன். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே போய்ப் படத்தை மரத்தடியில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் உன்னைக் காணவில்லை. எட்டு மாடியும் ஏறி இறங்கினேன். தண்ணீர்த் தொட்டிக்குள் குனிந்து பார்த்தேன். புதுப் படத்தின் முன் விழுந்தேன். "தாயே, என் குழந்தையை உன் மடியில் வைத்திரு. வேறொன்றும் கேட்கமாட்டேன்." நெற்றி தரையில் இருக்கும்போதே வெளியே குரல்: "புள்ள கெடச்சிட்டா! மரத்தாண்ட கீறா!"

ஓடினேன். மரத்தடியில் பெரியவர் பக்கத்தில் நீ. உன் கவுனெல்லாம் சிவப்பு. ரத்தமென்று நினைத்தேன். எதுவும் கேட்கவில்லை. அறைந்தேன். "புள்ள புடிக்கிறவன்டா!" என்று கத்தியதும் நான்தான். மிச்சத்தைக் கூட்டம் பார்த்துக்கொண்டது. செருப்பு, கட்டை. அவர் வலது மணிக்கட்டில் யாரோ ஏறி மிதித்தார்கள்.

"அடிக்காதப்பா! தாத்தா சாமிக்குப் பொடவ வரையுது!" என்று நீ கதறிய பிறகுதான் கீழே பார்த்தேன். நம் படம். நிறம் உதிர்ந்த புடவையில் ஈரச் சிவப்பு. சாமியைத் தேடிப் போன நீ அவள் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாய்.

"படத்த வுட்டுட்டு வரமாட்டேன்னு அழுதுச்சுப்பா" என்றார் பெரியவர்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுத அவர் பெயர் கேட்டார்கள். ஐந்து வருடம் அவர் தலைக்குமேல் குடியிருந்தவன், எனக்குத் தெரியவில்லை. அவரே முனகினார்: "ஏழுமலை." கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்கவில்லை. இப்போது அவர் வரைவதில்லை. என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார். சாத்தட்டும்.

பிள்ளைகளே, நான் கேட்டதைக் கேட்டபடியே தாய் கொடுத்தாள். அன்றிலிருந்து யார்மேலும் நான் கை ஓங்கியதில்லை. கஷ்டத்தில் நீங்களும் அவளைக் கூப்பிடுங்கள், வருவாள். ஆனால் யார் கையில் கொடுத்தனுப்புகிறாள் என்று கண்ணைத் திறந்து பாருங்கள்.

பவித்ரா, அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது தனியாக மரத்தடிக்குப் போனேன். படத்தின்மேல் செருப்புத் தடம். சட்டையைக் கழற்றித் துடைத்தேன். வீட்டில் கண்ணாடி இல்லாமலே பழைய ஆணியில் மாட்டும் முன், உன் பென்சிலை எடுத்துப் படத்தின் பின்பக்கம் 'ஏழுமலை' என்று எழுதினேன்.